பொல்கொல்லையின் வண்டலும் தேயிலை மலையின் மண்ணும்



நீர்த்தேக்கங்களில் வண்டல் படிவதைக் கணிக்கும் மாதிரிகள் பற்றித் துறை நண்பர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. இங்கே பலரும் அறிவீர்கள். பொல்கொல்லைத் தேக்கத்தின் வண்டல் அளவீட்டைச் சுட்டிக்காட்டி, அட்டன், நுவரெலியாத் தேயிலை மலைகள் கரைந்து வருவதற்கு அதுவே சான்று என்கிறார்கள். அந்த அளவீடு அப்படிச் சாட்சி சொல்லாது என்பது என் கட்சி.

1. பொல்கொல்லை

மகாவலியை மறித்த பொல்கொல்லை அணை 1976இல் இயங்கத் தொடங்கியது. அங்கிருந்து நீர் சுரங்கவழியே உக்குவளை மின்நிலையத்துக்கும், அப்பால் வறண்ட வலய வயல்களுக்கும் போகிறது. தொடக்கக் கொள்ளளவு சுமார் 41 இலட்சம் கன மீட்டர். 1988 அளவில் அதில் 44 சதவீதம் வண்டலால் நிரம்பியிருந்தது. அன்றுமுதல் அந்த எண் கட்டுரைக்குக் கட்டுரை எடுத்தாளப்படுகிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 44 சதவீதம் என்றால் 18 இலட்சம் கன மீட்டர். ஆண்டுக்கு ஒன்றரை இலட்சம். அணைக்கு மேலுள்ள நீரேந்து பரப்பு ஏறத்தாழ 1300 சதுர கிலோமீட்டர். அதன்மீது பரப்பினால் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஒன்பதில் ஒரு பங்கு கனம்தான் வரும். இதே வண்டல் 17.4 கோடி கன மீட்டர் கொள்ளும் கொத்மலையில் படிந்திருந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு. எவரும் கட்டுரை எழுதியிருக்க மாட்டார்கள். 44 என்ற எண் தேக்கத்தின் சிறுமையைத்தான் முதலில் சொல்கிறது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆற்றின் ஆண்டு வரத்துக்கு முன் பொல்கொல்லை மிகச் சிறியது. ஆய்வாளர் ப்ரூன் 1953இல் வெளியிட்ட வண்டல் பிடிப்பு வளைகோட்டின்படி, இத்தகைய தேக்கம் வரும் வண்டலில் சிறு பங்கையே பிடித்துவைக்கும். மணலும் பருக்கைக் கல்லும் தங்கும். சரிவுகளின் நுண்மண் பெரும்பாலும் மதகைத் தாண்டிப் போய்விடும். எனவே மலை பத்திரமாக இருக்கிறது என்பதற்கும் இந்த எண் சான்றாகாது. தவிர, 1985இல் மேலே கொத்மலை இயங்கத் தொடங்கியபின் வரத்தே மாறிவிட்டது. பன்னிரண்டு ஆண்டையும் ஒரே சராசரியில் அடக்கி, அதற்கு இசையத் திருத்திய மாதிரி, எந்தத் தோட்டத்தின் மீதும் தீர்ப்புச் சொல்லத் தகுதியற்றது.

2. சமன்பாடு

துறை நண்பர்களின் மாதிரிகள் நம்பும் பொது மண்ணிழப்புச் சமன்பாட்டின் அடிப்படை அலகு, 22.1 மீட்டர் நீளமும் 9 சதவீதச் சாய்வும் கொண்ட அமெரிக்கச் சோதனைப் பாத்தி. வீதிவெட்டு, ஆற்றங்கரை அரிப்பு, மண்சரிவு எவையும் அதில் இல்லை. அதிலே தேயிலைக்கு ஒரே எண்ணை இடுகிறார்கள். வெட்டுத்தண்டிலிருந்து வளர்த்து, நிலம் தெரியாமல் மூடிய வி.பி. தேயிலையும், செடி செத்து வெளிவிழுந்த விதைத் தேயிலையும், கவ்வாத்து வெட்டிய மலையும் ஒன்றா?

மழை விட்டதும் தேயிலை மலையின் வடிகாலான ஒரு கானைக் குனிந்து பாருங்கள். தடுப்பு வைத்து வெட்டிய கானில் மண் குழிக்குள் தங்கி, நீர் மட்டும் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்கு நகரும். கான் வெட்டுக்கு ஆள் போடாத மலையில் குழிகள் தூர்ந்து, ஒரு முனை உடைந்து, செந்நீர் நேரே ஓடைக்கு இறங்கும். செடி அதே செடி, மண்ணிழப்போ வேறு. கான் வெட்டும் தொழிலாளி அறிந்த இந்த வேறுபாடு நம் மாதிரிகளில் இல்லை.

3. மண்சரிவும் மரக்கறித் தோட்டமும்

2025 நவம்பரில் டித்வா புயலோடு சரிந்த மலைகள், ஆண்டுச் சராசரி என்ற எண்ணமே போதாதென்று காட்டிவிட்டன. ஒரே சராசரியில் அடக்க முடியாத இன்னொன்று மரக்கறி நிலம்: உருளைக்கிழங்கும் கோவாவும் பயிராகும் சரிவுகளைத் தேயிலையிலிருந்து பிரித்தே கணக்கிடவேண்டும். ஊமா ஓயா வந்து சேரும் ரந்தம்பைத் தேக்கத்துக்கும் இந்தப் பிரிப்பு பொருந்தும்.

4. இனிச் செய்யவேண்டியவை

பெருவெள்ளத்துக்குப் பின் ஒவ்வொரு தேக்கத்தின் ஆழத்தையும் மீண்டும் அளக்கவேண்டும். சீசியம்-137 கொண்டு வண்டலின் பிறப்பிடத்தைப் பிரித்தறியலாம். கான்களின் நிலையை வரைபடமாக்கலாம். களனியின் தலைப்பில் காசல்ரீ, மவுசாக்கலைத் தேக்கங்களுக்கும் இதே ஆய்வு தேவை; கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு அந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. இவற்றில் ஒன்றையேனும் இங்குள்ள மாணவர் எவராவது எடுத்துக்கொள்ளவேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.