பீடியும் குரல்நாணும்

(ஆதரவாளர் கூடுகையில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஆற்றிய உரை)



காப்பி குடிக்கிற நேரத்தில் நோயைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் தொண்டைப் பிரிவில் நடப்பதைச் சொல்லும்படி கேட்டுக்கொண்டதால், ஒரே ஒரு நோயாளியைக் குறித்துச் சொல்லுகிறேன்.

அவர் காய்கறி மண்டியில் ஏலம் கூறுகிறவர். வயது ஐம்பதுக்கு மேல். வாலிபத்திலிருந்தே பீடி. அவர் மனைவிதான் அழைத்து வந்தார்கள். "ரெண்டு வருஷமா குரல் இறங்கிக்கிட்டே வருதுங்க. இப்போ தகரத்தை இழுத்த மாதிரி இருக்கு" என்றார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: "ஐயா, இது புற்றா?"

கண்ணாடியை வாய்க்குள் வைத்துப் பார்த்தேன். (இந்தக் கண்ணாடி வழியை 1854-இல் கண்டறிந்தவர் மருத்துவர் அல்ல, மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார்!) வெண்மையாக, கத்தி முனைபோல் இருக்கவேண்டிய இரண்டு குரல்நாண்களும் தண்ணீர் நிறைந்த பைகளைப்போல் ஊதித் தொங்கின.

குரல்நாணின் மேல்தோலுக்குக் கீழே மிருதுவான ஓர் அடுக்கு உண்டு. அதை 1895-இல் விவரித்த ஜெர்மானிய உடற்கூறு அறிஞர் ரைன்கேயின் பெயராலேயே இந்த வீக்கமும் அழைக்கப்படுகிறது. புகை ஓயாமல் பட்டு நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிய, அந்த அடுக்கில் கூழ் போன்ற நீர் தேங்குகிறது. அங்கே நிணநீர் வடிகால் மிகக் குறைவு. ஆகவே தேங்கியது எளிதில் வடிவதில்லை. உரக்கக் கத்துவதும், வயிற்றின் அமிலம் மேலேறுவதும் இதை அதிகமாக்கும். கனத்த நாண் மெதுவாய் அதிரும், குரல் தடிக்கும். புகைக்கிற பெண்களைத் தொலைபேசியில் "சார்" என்று அழைப்பது இதனால்தான்.

இனி அவருடைய கேள்விக்கு வருகிறேன். வீக்கம் புற்றுநோய் அல்ல. வீக்கமே புற்றாக மாறுவதும் அபூர்வம். ஆனால் வீக்கத்தை உண்டாக்கிய அதே புகை மேல்தோலையும் சும்மா விடுவதில்லை. முதலில் தோல் தடிக்கிறது. பிறகு சிலருக்கு அணுக்கள் ஒழுங்கு தவறி வளருகின்றன. அதை இலேசு, நடுத்தரம், கடுமை என்று தரம் பிரிக்கிறோம். அந்த அணுக்கள் அடித்தளச் சவ்வைக் கிழித்துக் கீழே இறங்கினால் அதுவே புற்று. வெள்ளைப் படலம் தெரிந்தால் எங்களுக்குப் பயம் அதிகம். வெறுங்கண்ணால் பார்த்து எந்தத் தரம் என்று சொல்ல முடியாது. திசுவை எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தே ஆகவேண்டும்.

அவருக்கு ஒரு பக்கத்தில் அப்படிப்பட்ட படலம் இருந்தது. மயக்க மருந்து கொடுத்து, நாணின் மேற்புறத்தில் சிறிதாகக் கீறி, கூழை உறிஞ்சி, படலம் இருந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, மீதித் தோலைத் திரும்பப் படியவைத்தோம். முற்காலத்தில் தோலை முழுவதும் உரித்துவிடுவார்கள். குரல் கரகரப்பாகவே நின்றுவிடும். முன்பக்க மூலையில் இரு நாண்களிலும் ஒருசேரப் புண் உண்டாகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ரிப்போர்ட் வரும்வரை அந்த அம்மாள் வராந்தாவை விட்டு நகரவில்லை. இலேசான மாற்றம், புற்று இல்லை. அவர்கள் அழுதார்கள். நான் முழுச் சந்தோஷத்தோடு சொல்ல முடியவில்லை. பீடியை விடாவிட்டால் வீக்கமும் திரும்பும், ஆபத்தும் ஏறும். விட்டால் ஆபத்து வருடங்கள் செல்லச் செல்லக் குறையும், ஆனாலும் புகையே தொடாதவர் அளவுக்குச் சீக்கிரம் இறங்கிவிடாது. இதையும் சொன்னேன்.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மியிருந்தால் யாரும் சுக்குக் கஷாயத்தோடு நின்றுவிடக் கூடாது. குரல்நாணில் வரும் புற்று ஆரம்பத்திலேயே குரலைக் கெடுத்துக் காட்டிக்கொடுக்கிறது. நிணநீர் வழி குறைவாயிருப்பதால் சீக்கிரம் பரவுவதுமில்லை. அந்நிலையில் வருகிறவர்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். பிந்தி வருகிறவர்களுக்குக் குரல்வளையையே எடுக்க நேரிடுகிறது.

ஏலக்காரர் போன மாதமும் வந்தார். படலம் இல்லை. பீடியை விட்டு ஏழு மாதம் என்று மனைவிதான் கணக்குச் சொன்னார்கள். "இனி ஏலம் கூறலாமா ஐயா?" என்று கேட்டார். கூறலாம், மைக் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். அடுத்த பரிசோதனை மூன்று மாதம் கழித்து.