சயனைடு மேடுகளும் நம் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. எனினும், நம் லைன் வீடுகளின் வாசலுக்கு எதிரே நிற்கும் சயனைடு மேட்டைக் குறித்து இன்று சில சொற்கள் கூற விழைகின்றோம். ரயில்வேயில் எழுத்தராய்ப் பணிபுரியும் யாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். ஆயினும், மேட்டின் நிழலில் வாழ்வோர்க்கு மேட்டைப் பற்றிப் பேச உரிமை உண்டன்றோ?

1880ஆம் ஆண்டுகளில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே சுரங்கத் தொழிலை நிலைநாட்டினர். வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் வந்து குழியில் இறங்கினர். காலப்போக்கில் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து பாறை மேலேறியது. அதனை ஆலையில் மாவாக இடித்து, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்தெடுத்தனர். எஞ்சிய பொடியே மேடாயிற்று. 1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் தோன்றியது. 2001 பிப்ரவரி 28ஆம் நாள் வேலை நின்றது. 800 டன்னுக்கும் மேற்பட்ட பொன் ஊரை விட்டுப் போயிற்று. 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட பொடி நம்மோடு தங்கிவிட்டது.

மேட்டின் பெயரைக் கேட்டே அஞ்சுவோர் உளர். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் பெரும்பாலும் சிதைந்துவிடும் என்பர் அறிஞர். நாம் கருத வேண்டுவன நுண்ணிய கல்தூசும், உப்பும், கன உலோகங்களுமே. ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பது பழமொழி. மாவு போன்ற இப்பொடி வீட்டுக்குள் புகுவதற்குக் கேட்க வேண்டுமா? குழியில் இறங்கிய நம் தந்தையரின் நுரையீரலைக் கல்தூசு அரித்தது. குழியையே காணாத குழந்தைகளும் அத்தூசை உண்ண வேண்டுமா?

கழிவுமேடு பசுமையாகுமா எனில், ஆகும். நெய்வேலியில் 1957இல் நிலக்கரிக்காக மண்ணை அகழத் தொடங்கினர். அங்கே குவிந்த மண்மேடுகளில் இன்று மரங்கள் நிற்கின்றன. வட பிரான்சின் நிலக்கரி வட்டாரத்தை, அதன் கழிவுக் குன்றுகளோடு சேர்த்தே, 2012இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அக்குன்றுகளில் செடிகொடி படர்ந்துள்ளது. மக்கள் உலாவ ஏறுகின்றனர். நம்மைப் போன்றே பொன் எடுத்த ஜோகனஸ்பர்க் நகரிலும் தூசை அடக்கப் புல் வளர்த்தனர்.

ஆனால் நம் மேடு வெறும் மண்ணன்று. அதில் மட்கு இல்லை, உப்பு மிகுதி, நீர் தங்குவதில்லை. ஆகவே மரக்கன்றை நட்டு நிழற்படம் எடுத்துக்கொள்வதால் பயனில்லை. முதலில் மண்ணைச் சோதித்தல் வேண்டும். பின்னர்ச் சரிவைத் தணித்து, மழைநீர் அரிக்காதபடி வரப்பு கட்டி, நல்ல மண்ணும் மட்கிய எருவும் பரப்ப வேண்டும். வெட்டிவேர் போன்ற உரமுள்ள புல் வேரூன்றிய பின்னரே மரத்தின் முறை. அங்கே கீரையோ காய்கறியோ பயிரிடலாகாது, ஆடுமாடும் மேயலாகாது. உலோகம் உணவின் வழியே உடலில் சேரக்கூடும்.

இப்போது இதனைப் பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. 13 மேடுகளில் எஞ்சிய பொன்னை மீண்டும் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்திற்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது. வேலை வருமாயின் அதனை வரவேற்போம். விடியுமுன் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, இருட்டிய பின் பெங்களூரிலிருந்து திரும்பும் நம் இளைஞர்களின் களைத்த முகங்களை நாள்தோறும் காண்கின்றோம். ஆனால் ஒரு டன் பொடியில் கிடைக்கும் பொன் மிகச் சிறிது. பொன்னை எடுத்த பின்னும் பொடி ஏறத்தாழ அவ்வளவும் இருக்கும். அது எங்கே போகும்? யார் அதனை மூடுவார்? யார் அதில் புல் வளர்ப்பார்? இவ்வினாக்களுக்கு விடை ஒப்பந்தத்திலேயே எழுதப்படல் வேண்டும். வேலை முடிந்த பின் கேட்டால் கேட்பாரிரார். 2001இல் நாம் கற்ற பாடம் அதுவே.

எனவே சங்கத்தார்க்கு இரண்டு வேண்டுகோள் விடுக்கின்றோம். ஒன்று: மேடுகளைக் கிளறும்போது தூசை அடக்கவும், முடிவில் அந்நிலத்தைப் பசுமையாக்கி ஊராரின் பொதுவிடமாக விடவும் வேண்டி, அரசுக்கு மனு அனுப்புதல். மற்றொன்று: மேடு நம் உடைமையன்று, வீட்டுவரிசை நம் பொறுப்பில் உள்ளது. காற்று வரும் திசையில், லைனுக்கு ஒரு வரிசையாக, வேம்பும் புங்கமும் நட்டு, வேர் பிடிக்கும் வரை குடும்பத்திற்கு ஒரு மரமென நீர் ஊற்றுவோம்.

இம்மேட்டின் ஒவ்வொரு பிடிப் பொடியும் நம் முன்னோர் கையால் வெட்டிய பாறை. அவர்கள் உழைப்பின் மிச்சம் பேரப்பிள்ளைகளுக்கு நோயாக அன்று, நிழலாக நிற்க வேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.