‘40 பர்சென்ட்’ என்றால் என்ன?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்து. நம்ம பக்கத்துல அந்த நாளை யாரும் மறக்கல. தீக்காய வார்டு வாசலில் டாக்டர், “40 பர்சென்ட், செகண்ட் டிகிரி, மதுரைக்கு ரெஃபர்” என்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40தானே, பாதிகூட இல்லையே என்று ஆறுதல் அடையாதீங்க. அது பரீட்சை மார்க் இல்லை.

சதவீதம் என்பது வெந்த தோலின் பரப்பு. காயம்பட்டவரின் ஒரு உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, ஏறக்குறைய 1 சதவீதம். பெரியவர்களுக்கு ஒரு கை முழுதும் 9, ஒரு கால் 18. பெரியவர்களுக்கு 15, குழந்தைகளுக்கு 10 தாண்டினாலே ட்ரிப்ஸ் ஏற்றியாக வேண்டும். அப்போ 40 எவ்வளவு பெரிசுன்னு பாருங்க.

டிகிரி என்பது ஆழம். முதல் டிகிரியில் தோல் சிவக்கும்; இரண்டாவதில் கொப்புளம். மூன்றாவதில் தோல் முழு ஆழத்துக்கும் வெந்து, நரம்பு நுனிகளும் கருகிவிடுவதால் வலியே தெரியாமல் போகலாம். “வலிக்கலன்னு சொல்றாருங்க” என்பது நல்ல செய்தி இல்லை.

‘இன்ஹலேஷன்’ என்றால் புகை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கிறது. குரல் கம்மினாலோ மூக்கில் கரி இருந்தாலோ 108 ஊழியரிடம் உடனே சொல்லுங்க.

‘ரெஃபர்’ என்றால் கைவிட்டார்கள் என்று பொருளில்லை. பெரிய வசதி உள்ள இடத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தச் சீட்டை போனில் படம் எடுத்து வையுங்க. விபத்து நடந்த மணியையும் குறிச்சுக்கங்க. ட்ரிப்ஸ் கணக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல, தீப்பட்ட நேரத்திலிருந்துதான் தொடங்கும்.