வீட்டுக் கணினிக்குக் காவல் ஒன்று போதும்

(மயிலாப்பூரில் மூத்த குடிமக்களுக்கான கணினி அறிமுக வகுப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மின்கட்டணம், சொத்து வரி, பட்டா, வில்லங்கச் சான்று என்று எத்தனையோ வேலைகளை இப்போது வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடுகிறோம். அந்த நேரம் பார்த்து கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுவிட்டால் என்ன செய்வீங்க? என் பெரியம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியம்மா இதே மயிலாப்பூர்தான். சொத்து வரி கட்ட உட்கார்ந்திருக்கிறார். பணம் செலுத்தும் பக்கம் வரவே இல்லை. அவருடைய லேப்டாப்பில் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தது. ஒன்று, வாங்கும்போதே கடையில் போட்டுக் கொடுத்தது. இன்னொன்று, பேப்பரில் மோசடிச் செய்தி படித்துப் பயந்துபோய், தி.நகரில் வாங்கி வந்து போட்டது. வேகம் வரலையேன்னு இரண்டையும் நிறுத்திவிட்டு வரியைக் கட்டியிருக்கிறார். மறுபடி ஓடவிட மறந்துவிட்டார். மூன்று வாரம் கழித்து நான் போனபோது, திரையின் மூலையில் சிவப்புக் குறி. இரண்டு காவல் போட்ட வீட்டில் மூன்று வாரமாக ஒரு காவலும் இல்லை! பேங்க் கணக்கும் பார்த்திருக்கிறார், பென்ஷனும் பார்த்திருக்கிறார்.

"ஒரு பூட்டுக்கு ரெண்டு பூட்டு நல்லதுதானே?" என்று கேட்டார். கதவுக்கு அது சரி. கணினிக்குச் சரிவராது.

உஸ்மான் ரோடு ஜவுளிக்கடையை நினைத்துப் பாருங்க. வாசலில் நிற்பவர் பில்லை வாங்கி, பையைப் பார்த்து, சீல் குத்தி அனுப்புவார். அதே வாசலில் இன்னொருவரையும் நிறுத்தினால்? அவரும் பையைத் திறப்பார். "இதுல ஏற்கெனவே சீல் இருக்கே, பழைய பில்லா?" என்று உங்களையே சந்தேகப்படுவார். வரிசை தெருவரைக்கும் நீளும். திருடன் பிடிபட்டானா என்றால், அதுவும் இல்லை.

கணினிக்குள் நடப்பதும் இதுதான். நீங்கள் ஒரு ஃபைலைத் தொட்டதும், அது திறப்பதற்கு முன்பே ஆன்டிவைரஸ் அதை நிறுத்திச் சோதிக்கும். இரண்டு இருந்தால் ஒரே ஃபைலை இரண்டும் பிடித்து இழுக்கும். சில நேரம் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து கணினியே உறைந்துபோகும். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு ஆன்டிவைரஸும் வைரஸ்களின் அடையாளப் பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்கும். பிடித்த ஃபைல்களைத் தனியாக அடைத்தும் வைத்திருக்கும். அதைப் பார்த்து மற்றது "இங்கே வைரஸ் இருக்கு" என்று அலறலாம். பொய் எச்சரிக்கை அடிக்கடி வந்தால், உண்மையான எச்சரிக்கையையும் நாம் கண்டுகொள்ள மாட்டோம்.

இந்த மென்பொருள்கள் கணினியின் அடித்தளம் வரை இறங்கி வேலை செய்பவை. 2024 ஜூலை 19 நினைவிருக்கா? கிரவுட்ஸ்டிரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு தவறான அப்டேட், உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியது. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இவ்வளவு ஆழத்தில் வேலை செய்யும் ஒன்றோடு அதே மாதிரி இன்னொன்றை மோதவிடுவது ஆபத்து.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. நீங்கள் எதுவுமே வாங்காவிட்டாலும் விண்டோஸில் ஒரு ஆன்டிவைரஸ் இருக்கிறது. 2012-ல் வந்த விண்டோஸ் 8 முதல், டிஃபெண்டர் என்ற பெயரில் அது உள்ளேயே வருகிறது. விண்டோஸ் 10, 11-ல் நீங்கள் வேறொரு ஆன்டிவைரஸ் போட்டால், டிஃபெண்டர் தானாகவே காவலிலிருந்து ஒதுங்கிக்கொள்ளும். ஒரு நேரத்தில் ஒரு காவல் என்பது விண்டோஸே வைத்திருக்கும் ஏற்பாடு.

அப்படின்னா காசு கொடுத்து வாங்குவது வீணா? வீண் இல்லை. நம் சென்னையிலேயே 1991-ல் தொடங்கிய கே7, புனேயிலிருந்து வரும் குவிக் ஹீல் என்று பல உண்டு. எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். ஒன்றை மட்டும் வையுங்கள், அது நாள்தோறும் அப்டேட் ஆகட்டும்.

இரண்டாவது கருத்து வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. எப்போதும் காவல் நிற்காமல், நாம் கூப்பிடும்போது மட்டும் வந்து சோதித்துவிட்டுப் போகும் கருவிகள் உண்டு. மத்திய அரசு 2017-ல் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் சேஃப்டி ஸ்கேனரும் இலவசம். இறக்கிய 10 நாள் வரை வேலை செய்யும், பிறகு புதிதாக இறக்க வேண்டும். வீட்டில் வாட்ச்மேன் ஒருவர், எப்போதாவது வந்து போகும் ஆய்வாளர் ஒருவர். இருவருக்கும் சண்டை வராது.

இன்று வீட்டுக்குப் போனதும் இதைச் செய்யுங்கள்.

1. ஸ்டார்ட் பொத்தானை அழுத்தி 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். அதில் வைரஸ் பாதுகாப்புப் பகுதியைத் திறந்தால், இப்போது எது காவலில் இருக்கிறது என்று தெரியும்.

2. இரண்டு இருந்தால், சந்தா முடிந்ததை முதலில் நீக்குங்கள். புதிய வைரஸ் பட்டியல் வராத ஆன்டிவைரஸ், போன வருஷத்துக் காலண்டர் மாதிரி. சுவரில் தொங்கும், தேதி சொல்லாது.

3. திரையில் உள்ள படத்தை அழித்தால் மட்டும் போகாது. செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய் 'அன்இன்ஸ்டால்' கொடுங்கள். கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தால், அதே நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நீக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. மறுபடி முதல் படிக்குப் போய், பச்சைக் குறி வந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பேங்க் வேலை.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எத்தனை ஆன்டிவைரஸ் போட்டாலும் அந்தக் குறையை அடைக்க முடியாது. விண்டோஸ் 11-க்கு மாற முடியுமா என்று விசாரியுங்கள்.

கடைசியாக, நம் பயத்தை வைத்தே ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். "உங்கள் கணினியில் வைரஸ், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரை மிரட்டினால் அழைக்காதீங்க. மைக்ரோசாஃப்ட்டின் எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. தூரத்திலிருந்து உங்கள் திரையை இயக்கும் ஆப்பை யார் சொன்னாலும் போடாதீங்க. பணம் போய்விட்டால் வெட்கப்படாமல், தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் அழைத்தால், பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம்.

பெரியம்மா கணினியில் இப்போது ஒரே ஆன்டிவைரஸ்தான். அடுத்த அரையாண்டு வரியைக் கட்டிவிட்டு அவரே ஃபோன் செய்தார்: "காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு!"