ஆட்டு இதயமும் ஒரு மாணவியின் கேள்வியும்

(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்பில் இதயத்தின் அமைப்பை நடத்தும்போது, கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயம் வாங்கி வந்து வெட்டிக் காட்டுவது என் வழக்கம். சென்ற ஆண்டு வால்வுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "சார், இதுக்காகவா ஆட்டைக் கொன்னாங்க?" என்று கேட்டாள். "இல்லம்மா, கறிக்காக வெட்டினது" என்றேன். "அப்ப தப்பு இல்லையா சார்?" என்றாள். மணி அடித்தது, நான் தப்பித்தேன்.

அன்றிரவு, கல்லூரியில் நான் அறுத்த தவளைகள் நினைவுக்கு வந்தன. ஒருமுறை மயக்க மருந்து போதவில்லை. தோலை வெட்டியதும் தவளை காலை இழுத்தது. மதிப்பெண் போய்விடுமே என்று நான் கத்தியைக் கீழே வைக்கவில்லை. இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

அப்போதே சட்டம் இருந்தது என்பதுதான் வேதனை. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960 உருவாக வழிவகுத்தது. அச்சட்டம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. உயிர் காக்கவும் நோய் தீர்க்கவும் உதவும் அறிவைத் தேடுவதற்கு இடம் தருகிறது. ஆனால் விதிகள் எவற்றை உறுதிசெய்ய வேண்டும் என்று 17-ஆம் பிரிவு சொல்கிறது. வலி தெரியாதபடி போதிய மயக்க மருந்து தர வேண்டும். புத்தகம், மாதிரி, திரைப்படம் போன்றவை போதுமானால் விலங்கைத் தவிர்க்க வேண்டும். வெறும் கைப்பழக்கத்துக்காகப் பரிசோதனை செய்வதை இயன்றவரை தவிர்க்க வேண்டும். நான் செய்தது பெரும்பாலும் கைப்பழக்கமே. 2014-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் விலங்கியல் பாடத்தில் விலங்குகளை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது.

ஆய்வாளர்களுக்கு வழிகாட்டுவது, ரஸ்ஸல், பர்ச் என்ற இரு ஆங்கிலேய அறிவியலாளர்கள் 1959-இல் தந்த மூன்று கொள்கைகள்: மாற்று வழி தேடு, எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைத் தணி. ஓர் ஆய்வுக்காக இறந்த விலங்கின் திசுக்களைப் பல ஆய்வாளர்கள் பகிர்ந்துகொண்டால், இன்னொரு விலங்கைக் கொல்லத் தேவையில்லை. திசுவைப் பயன்படுத்துவதிலும் அறம் இப்படித்தான் நுழைகிறது.

இன்சுலினை எண்ணிப் பாருங்கள். 1921-இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துத்தான் அதைக் கண்டறிந்தார்கள். பின்னர் பல பத்தாண்டுகள், இறைச்சிக்கூடங்களில் கிடைத்த மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து அதை எடுத்தார்கள். 1982-இல் பாக்டீரியா உருவாக்கிய மனித இன்சுலின் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த விலங்குகளுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மாற்று கிடைத்த பிறகும் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருந்தால் அந்தக் கடனை மறந்தவர்கள் ஆவோம்.

மறுவாரம் அந்த மாணவியை அழைத்து, "அன்னைக்கு நான் சொன்னது பாதி பதில்தாம்மா" என்றேன். நமக்காகக் கொல்லவில்லை என்பது முதல் படி மட்டுமே. பிறகு வகுப்பாகச் சேர்ந்து சில விதிகள் எழுதினோம். உயிருள்ள எதையும் பிடித்து வந்து அறுக்கக் கூடாது. இரண்டு பிரிவுகளுக்கும் ஒரே இதயம் போதும். பார்க்க விரும்பாதவர்கள் மாதிரியில் படிக்கலாம், கேலி கூடாது. கையுறை அணிய வேண்டும். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மிச்சத்தைக் குப்பையில் எறியாமல் புதைக்க வேண்டும்.

இந்த ஆண்டு இதயத்தைப் புதைக்கக் குழி தோண்டியவள் அந்த மாணவியின் தங்கை. "அக்கா சொல்லி அனுப்பினா சார்" என்றாள்.

நாம் நடத்துகிற பாடத்தைப் பிள்ளைகள் மறந்துபோகலாம். ஓர் உயிரை நம் கை எப்படித் தொட்டது என்பதை மறக்க மாட்டார்கள். நானே மறக்கவில்லையே.