வாசிக்க முடியாத எழுத்துகளின் முன்னால்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களப்பயணம் என்றதும் நம் பட்டியலில் முதலில் வருபவை வண்டலூர் உயிரியல் பூங்காவும் மாமல்லபுரமும்தான். மாமல்லபுரம் செல்லும் அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. அங்குள்ள ஓவிய அருங்காட்சியகத்துக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்றபோது, கணித ஆசிரியராக நான் கவனித்த ஒன்றைப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

அந்தக் கிராமம் உருவாகக் காரணமானவரும் ஓர் ஆசிரியர்தான். சென்னை அரசு ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-இல் தம் மாணவர்களோடும் சக ஓவியர்களோடும் சேர்ந்து அதைத் தொடங்கினார். ஓவியத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத காலம். பாட்டிக் துணி முதலான கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் அவர்கள் காலூன்றினார்கள்.

பணிக்கர் 1963 முதல் வரைந்த ஓவிய வரிசையின் பெயர் ‘சொற்களும் குறியீடுகளும்’. ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் கலந்திருந்த பக்கம்தான் அதற்குத் தூண்டுகோல். ஜாதகக் கட்டம் போன்ற அமைப்புகள், சிறு உருவங்கள், வரிவரியாக எழுத்துகள். எழுத்து போலத் தோன்றுமே தவிர, படிக்கப் போனால் பொருள் வராது.

எங்கள் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படும் ஒரு மாணவி இருக்கிறாள். வாசிக்கச் சொன்னால் தலை குனிந்துவிடுவாள். அந்த ஓவியத்தின் முன் நின்றவள், “சார், இதுல என்ன எழுதியிருக்கு?” என்றாள்.

“யாராலும் படிக்க முடியாதும்மா.”

“உங்களாலயுமா?”

“என்னாலும் முடியாது.”

அவள் அங்கிருந்து நகரவில்லை. சிறிது நேரம் கழித்து, “எங்க தாத்தா ஜாதக நோட்டு மாதிரி இருக்கு. ஓரத்துல மட்டும் கைநடுங்கி எழுதுன மாதிரி இருக்கு” என்றாள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் மாணவனோ, குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் விடை சொல்வேன் என்று காத்திருந்தான்.

அதே கிராமத்தில் வாழ்ந்தவர் ஓவியர் கே. ராமானுஜம். அவருக்குப் பேச்சு சரியாக வராது. பேனா மையால் மாளிகைகளும் பாம்புகளும் விநோத உயிரினங்களும் நிறைந்த தனி உலகத்தையே வரைந்தார். 1973-இல் இளம் வயதிலேயே மறைந்தார். பேச்சை மட்டும் வைத்து அளந்திருந்தால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்? பணிக்கர் அவருடைய கோடுகளைப் பார்த்தார்.

நாம் ‘மெல்லக் கற்போர்’ என்று பதிவேட்டில் எழுதும் பிள்ளைகளில் பலர் மெல்லப் பார்ப்பவர்கள். ஓவியத்துக்குத் தேவைப்படுவதும் அதுதான். ஆகவே சில எளிய வழிகளைச் சொல்கிறேன்.

படத்தின் பெயரைச் சொல்வதற்கு முன் இரண்டு நிமிடம் பேசாமல் பார்க்கவிடுங்கள். “இதன் கருத்து என்ன?” என்று கேட்காமல், “என்ன தெரிகிறது?” என்று கேளுங்கள். பதில் வந்ததும், “எந்த இடத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்?” என்று கேளுங்கள். வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு முதல் வாய்ப்புக் கொடுங்கள். பிள்ளை சொன்னதை, சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள்.

மறுநாள் அந்த மாணவி சொன்ன இரண்டு வாக்கியங்களையும் எழுதிப் போட்டேன். விரல் வைத்து, நிறுத்தி நிறுத்திப் படித்தாள், முழுவதும் படித்தாள். அவள் சொன்ன சொற்கள் என்பதால் அடுத்த சொல் எதுவென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போது வாரம் ஒரு படம் வைத்து இதைத் தொடர்கிறோம். வேகம் வந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாசிக்க அழைத்தால் எழுந்து வருகிறாள்.

அருங்காட்சியகம் அருகில் இல்லாத பள்ளிகளுக்குக் கோயில் மண்டப ஓவியம், வாசல் கோலம், பாடநூலில் உள்ள படம் எதுவும் போதும். வரும் வாரம் உங்கள் வகுப்பில் ஒரு படத்தை வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் சொன்னதை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள், சேர்ந்து படிப்போம்.