முதுகு வலியும் சர்க்கரைப் படமும்

புதுக்கோட்டை மாவட்டம் அரிமளத்தில் வயல் வேலை பார்க்கும் பெரியவர் முதுகு வலிக்கிறது என்றால், தைலம் தேய்த்து, வயசாகிவிட்டது என்போம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் வலி வாரக்கணக்கில் விடாமல், களைப்பும் ரத்தசோகையும் சேர்ந்துகொண்டால் ரத்தத்தைச் சோதித்துவிட வேண்டும். மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் பல நேரம் இப்படித்தான் தலைகாட்டும். எலும்பை அரிக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

அதே புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். 1954-இல் அவர் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது, மைலோமா எலும்பை அரித்ததைப் படத்தில் பார்க்க எக்ஸ்ரேதான் இருந்தது. இன்று பெட் சி.டி. ஸ்கேன் இருக்கிறது. புற்றணுக்களுக்குச் சர்க்கரைப் பசி அதிகம். கதிரியக்க ஃப்ளோரின் சேர்த்த குளுக்கோஸை ரத்தக் குழாயில் ஏற்றி, சுமார் ஒரு மணி நேரம் அமைதியாக இருக்க வைப்பார்கள். அதைக் கூடுதலாக இழுத்த இடங்கள் படத்தில் ஒளிரும். அந்த ஃப்ளோரினின் வீரியம் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும்; ஆகவே சொன்ன நேரத்துக்குப் போய்விடுங்கள், சொன்னபடி வெறும் வயிற்றோடு. சர்க்கரை நோய் இருந்தால் முன்பே சொல்லுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது சிகிச்சைக்குப் பின் எடுக்கும் படம். நோய் அடங்கிய பிறகும் எலும்பில் அரித்த ஓட்டை எக்ஸ்ரேயில் அப்படியே தெரியும். அங்கே நோய் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று காட்டுவது பெட். ரத்த, மஜ்ஜைப் பரிசோதனைகளும் கூடவே வேண்டும். பழைய ஸ்கேன் படத்தையும் ரிப்போர்ட்டையும் மறக்காமல் கொண்டுபோங்கள். டாக்டர் ஒப்பிட்டுப் பார்ப்பது அவற்றோடுதான்.